ஓவர்கோலா, பாஸா? பிரிட்ஜ் ஏலத்தில் எதிரணி முந்திக்கொண்ட பிறகு

வலப்பக்கத்தவர் 1 டயமண்ட் என்று ஏலத்தைத் தொடங்கிவிட்டார். உங்கள் கையில் 8 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 என்ற கணக்கில்), ஸ்பேடில் ஐந்து சீட்டு. எதிரணிக்கு மேலே கேட்பதா (அதுதான் ஓவர்கோல்), பாஸ் சொல்வதா? கொழும்பில் பிரிட்ஜுக்கு வரும் தமிழர் பலர் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடிக் கை பழகியவர்கள். 304இல் கேட்பது என்றால் "நான் அடித்து முடிப்பேன்" என்று பொறுப்பேற்பது. துரும்பைக்கூடக் கவிழ்த்து வைத்து மறைக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு பிரிட்ஜ் மேசையில் உட்கார்ந்தால் நல்ல ஓவர்கோல்கள் பலவற்றைப் பாஸாகத் தொலைத்துவிடுவோம். பிரிட்ஜில் ஓவர்கோல் கேட்பவர் கடைசியில் அந்த ஒப்பந்தத்தை விளையாடாமலே போகலாம். ஆனாலும் எந்த சூட்டை, அதாவது எந்த இனச் சீட்டை, முதலில் இறக்குவது என்று பார்ட்னருக்குக் காட்டியிருப்பார். எதிரணி கதைத்துக்கொள்ளும் இடத்தைச் சுருக்கியிருப்பார். நமக்கும் ஒரு நல்ல சூட் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழி திறந்திருப்பார்.

மறுபக்கத்திலும் விலை உண்டு. டபிள் வாங்கி (எதிரணி பந்தயத்தைக் கூட்டி), கேட்டதைவிட மூன்று, நான்கு ட்ரிக் (சுற்று) குறைந்தால் ஒரு கையிலேயே பெரிய அடி. டபிள் வராவிட்டாலும், வெளியே இருக்கும் கிங் உங்களிடம்தான் என்று கணித்து டிக்ளேரர் (ஒப்பந்தத்தை விளையாடுபவர்) ஃபினஸை, அதாவது பெரிய சீட்டைத் தாண்டிச் சிறியதால் எடுக்கும் முயற்சியை, உங்கள் பக்கமே திருப்புவார். சூட் பலவீனமென்றால் பார்ட்னர் தவறான சீட்டை இறக்குவார்.

புள்ளி எத்தனை என்பதைவிட அவை எங்கே கிடக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் கை, 1 டயமண்டுக்குப் பிறகு: ஸ்பேடில் கிங், குயின், ஜாக், 9, 4; ஹார்ட்டில் 8, 3; டயமண்டில் 7, 5, 2; கிளப்பில் குயின், 6, 4. மொத்தம் 8 புள்ளி.

இரண்டாவது கை, 1 ஸ்பேடுக்குப் பிறகு: ஸ்பேடில் குயின், ஜாக், 5; ஹார்ட்டில் கிங், 8; டயமண்டில் கிங், 7, 4; கிளப்பில் ஏஸ், ஜாக், 6, 4, 2. மொத்தம் 14 புள்ளி.

முதலாவதில் 1 ஸ்பேட் கேட்க வேண்டும், வல்னரபிளாக (குறைந்தால் நட்டம் கூடும் நிலையில்) இருந்தாலும் சரி. இரண்டாவதில் பாஸ். 14 புள்ளியை வைத்துக்கொண்டு பாஸ் சொல்வது புதியவர்களுக்கு மனம் ஒப்பாத காரியம். ஆனால் அந்தக் கையை 2 கிளப்பில் விளையாடிப் பாருங்கள். ஸ்பேட் குயின்-ஜாக் எதிரணி ஸ்பேடில் விளையாடும்போது ட்ரிக் எடுக்கக்கூடிய சோடி. கிளப் துரும்பாகிவிட்டால் அதற்குப் பெறுமதி அநேகமாக இல்லை. கிளப்பில் ஏஸுக்குக் கீழே ஒரு ஜாக் மட்டும். இடப்பக்கத்தவரிடம் கிங், குயின், 10 என்று நான்கு சீட்டு இருந்தால் துரும்பிலேயே மூன்று ட்ரிக் போய்விடும். முதல் கையில் பார்ட்னர் ஸ்பேடை இறக்கினால் ஏஸ் ஒன்றுதான் எதிரணியிடம். அது போனதும் மற்றவை உங்களுடையவை.

இதை மேசையில் சட்டென்று அளக்க ஒரு கணக்கு உண்டு. சூட்டில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையோடு அதில் உள்ள பெரிய சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஏஸ், கிங், குயின் மூன்றும் பெரியவை. ஜாக்கையும் 10ஐயும் அவற்றுக்கு மேலே இன்னொரு பெரிய சீட்டு இருந்தால்தான் எண்ணுவது. வரும் தொகை நீங்கள் எடுப்பதாகச் சொல்லும் ட்ரிக்கின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. கேட்கும் எண்ணோடு 6ஐக் கூட்டினால் அந்த எண்ணிக்கை: ஒன்றாம் மட்டத்துக்கு 7, இரண்டாம் மட்டத்துக்கு 8. முதல் கையின் ஸ்பேட்: ஐந்தும் மூன்றும் 8, தாராளம். இரண்டாவது கையின் கிளப்: ஐந்தும் இரண்டும் 7, ஒன்று குறைகிறது. இரண்டாம் மட்டத்தில் வல்னரபிள் என்றால் 9 கேட்பது நல்லது.

இப்படியொரு கையையும் பாருங்கள். 1 ஸ்பேடுக்குப் பிறகு ஸ்பேடில் 7, 3. ஹார்ட்டில் ஏஸ், 5. டயமண்டில் 10, 8, 4. கிளப்பில் கிங், குயின், ஜாக், 10, 7, 4. வெறும் 10 புள்ளி. ஆனால் கிளப்பில் அனேகமாக ஐந்து ட்ரிக், ஹார்ட் ஏஸ் ஒன்று, ஆக ஆறு ட்ரிக் சொந்தக் கையிலேயே இருக்கிறது. பார்ட்னரிடம் ஒன்றுமே இல்லை, டபிளும் வந்துவிட்டது என்று வைத்தாலும் இரண்டுதான் குறையும்: வல்னரபிள் இல்லாவிட்டால் 300, இருந்தால் 500. பார்ட்னரிடம் ஒன்றுமே இல்லாத கையில் எதிரணிக்குக் கேம் (போனஸ் தரும் பெரிய ஒப்பந்தம்) இருக்கும். 4 ஸ்பேட் அவர்களுக்கு 420 அல்லது 620. 14 புள்ளிக் கையைவிட இது எவ்வளவோ பாதுகாப்பான 2 கிளப்.

பொதுவான அளவு இதுதான்: ஒன்றாம் மட்டத்தில் ஐந்து சீட்டுடன் 8 முதல் 16 புள்ளி வரை, இரண்டாம் மட்டத்தில் 10 அல்லது 11 முதல் 16 வரை, முடிந்தால் ஆறு சீட்டு. நான்கு சீட்டில் ஓவர்கோல் என்றால் ஏஸ், கிங், ஜாக், 10 போன்ற கட்டான சூட், அதுவும் ஒன்றாம் மட்டத்தில் மட்டும்.

நட்டக் கணக்கு

டபிள் இல்லாமல் குறையும் ட்ரிக் ஒவ்வொன்றுக்கும் வல்னரபிள் இல்லாவிட்டால் 50, இருந்தால் 100. டபிளுடன், வல்னரபிள் இல்லாவிட்டால் 100, 300, 500, 800 என்று ஏறும். வல்னரபிள் என்றால் 200, 500, 800, 1100. இந்த எட்டு எண்களும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஏனென்றால் எதிர்ப்பக்க எண்கள் பெரும்பாலும் சின்னவை: 2 ஸ்பேட் சரியாக எடுத்தால் 110, ஒன்று கூடினால் 140, 1 நோ ட்ரம்ப் (துரும்பில்லாத ஆட்டம்) 90.

சோடிப் போட்டியில், அதாவது அதே கையை விளையாடும் மற்ற மேசைகளோடு ஒப்பிடும் மெச்பொயின்ட் முறையில், 10 புள்ளி வித்தியாசமும் ஒரு முழு வெற்றிதான். எதிரணி 110 எடுக்கப்போகும் கையில் நீங்கள் 100 மட்டும் கொடுத்தால் பாஸ் சொன்ன மேசைகளையெல்லாம் முந்திவிடுவீர்கள். வல்னரபிள் இல்லாவிட்டால் இரண்டு குறைந்தாலும் அதே 100. வல்னரபிளாக இரண்டு குறைந்தால் 200. பார்ட் ஸ்கோர் (கேமுக்குக் குறைந்த ஒப்பந்தம்) கைகளில் அதுதான் மோசமான எண், ஏனென்றால் எதிரணியின் 90, 110, 140 எல்லாவற்றையும்விட அது பெரிது.

குழுப் போட்டியில், அதாவது இரண்டு மேசைகளின் வித்தியாசத்தை அட்டவணைப்படி சிறு புள்ளிகளாக மாற்றும் ஐ.எம்.பி முறையில், கணக்கு மாறுகிறது. 100க்கும் 110க்கும் வித்தியாசம் பூச்சியம். இங்கே நீங்கள் 110 எடுத்து, மற்ற மேசையில் உங்கள் குழுவும் 110 எடுத்தால் 220, அதாவது 6 ஐ.எம்.பி. வல்னரபிளாக டபிள் வாங்கி மூன்று குறைந்து, எதிரணிக்குக் கேமும் இல்லை என்றால் 800 போகிறது. மற்ற மேசையில் வரும் 110ஐக் கழித்தால் 690, அதாவது 12 ஐ.எம்.பி. ஒரு விபத்தை ஈடுகட்ட இரண்டு நல்ல ஓவர்கோல் வேண்டும். ஆகவே குழுப் போட்டியில் வல்னரபிளாக இரண்டாம் மட்டத்தில் சூட் நன்றாக இல்லாவிட்டால் பாஸ் பக்கம் சாய்வதே என் பரிந்துரை. ஒன்றாம் மட்டத்தில் இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு வைக்கத் தேவையில்லை.

வீட்டில் ரப்பர் முறையில் (கேமுக்கான புள்ளியைக் கைக்குக் கை சேர்த்து) விளையாடுபவர்களுக்கு ஒன்று. எதிரணி கோட்டுக்குக் கீழே 40 எழுதி வைத்திருந்தால் அவர்களுக்கு 2 ஹார்ட்டே கேம் (அதன் 60 சேர்ந்தால் 100). அப்போது பாஸின் விலை திடீரென்று ஏறிவிடுகிறது. ஒரு ட்ரிக் கூடுதலாக ஆபத்தை ஏற்றுப் போட்டியிடலாம்.

ஒன்றாம் மட்டத்தில் டபிள் வாங்கி அடிபடும் பயம் இன்று அளவுக்கு மீறியது என்பேன். 1957இல் அமெரிக்க ஆட்டக்காரர் அல்வின் ரோத் நெகட்டிவ் டபிளைக் கொண்டுவந்தார்; அந்த ஆண்டு விண்ணுக்குப் போன ஸ்புட்னிக்கின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலான சோடிகள் அதைப் பாவிக்கிறார்கள். 1 டயமண்ட், உங்கள் 1 ஸ்பேட், அதன்மேல் டபிள் என்றால் "என்னிடம் ஹார்ட் நான்கு" என்று அர்த்தம்; தண்டனை அல்ல. ஸ்பேட் நிறைய வைத்திருப்பவர் பாஸ் சொல்லி, ஓப்பனர் (ஏலத்தைத் தொடங்கியவர்) திரும்ப டபிள் சொல்லுவாரா என்று காத்திருக்க வேண்டும். அவர் சொல்வதற்கு அவரிடம் ஸ்பேட் குறைவாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தி வருவது அபூர்வம்.

எதை அடைக்கிறது, எதைச் சொல்கிறது

ஓவர்கோல்கள் எல்லாம் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. 1 கிளப்புக்கு மேல் 1 டயமண்ட் எதையும் அடைக்காது. 1 கிளப்புக்கு மேல் 1 ஸ்பேட், 1 டயமண்டையும் 1 ஹார்ட்டையும் தின்றுவிடும். 1 டயமண்டுக்கு மேல் 2 கிளப் ஒன்றாம் மட்டத்தையே முழுதாகத் துடைக்கும். 1 ஸ்பேடுக்கு மேல் 2 கிளப் 1 நோ ட்ரம்பை மட்டும்தான் எடுக்கிறது. ஆபத்து அதிகம், அடைப்பது கொஞ்சம். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்கும் கையில், நிறைய அடைக்கும் ஓவர்கோலென்றால் கேளுங்கள், ஒன்றும் அடைக்காததென்றால் "பார்ட்னர் இதை இறக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேனா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டயமண்டில் ஜாக், 8, 6, 4, 2 வைத்துக்கொண்டு 1 கிளப்புக்கு மேல் 1 டயமண்ட் சொன்னால் நடப்பது இது: எதிரணி 3 நோ ட்ரம்புக்குப் போகிறது. பார்ட்னரிடம் டயமண்ட் கிங், 5. உங்களிடம் ஏஸ்-குயின் இருக்கும் என்று நம்பிக் கிங்கை இறக்குகிறார். ஏஸ்-குயின்-10 டிக்ளேரரிடம். கிங்கும் போயிற்று, ஹார்ட் இறக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நேரமும் போயிற்று.

உட்காரும் இடம் மாறினால் முடிவும் மாறும்

ஓப்பனருக்கு நேர் அடுத்துப் பேசும்போது மேலே சொன்ன அளவுகள். எதிரணி இருவரும் பேசிய பிறகு நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. 1 டயமண்ட், பார்ட்னர் பாஸ், 1 ஸ்பேட், இப்போது நீங்கள். கையில் ஸ்பேட் குயின், 7, 3. ஹார்ட் கிங், ஜாக், 8, 6, 4. டயமண்ட் கிங், 5. கிளப் குயின், 10, 2. 11 புள்ளி. எதிரணியிடம் குறைந்தது 12ம் 6ம், 18. மீதி 22இல் உங்களிடம் 11. பார்ட்னரிடம் அதிகபட்சம் 11, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எதிரணி இருவரின் பலத்துக்கும் மேல் எல்லை எது என்று நமக்குத் தெரியாது. ஹார்ட் தொகை 7தான். பாஸ். இந்த இடத்தில் 2 ஹார்ட் சொல்லித்தான் 800கள் பிறக்கின்றன.

கடைசி இடம் இதற்கு நேர் எதிர். 1 ஹார்ட், பாஸ், பாஸ், நீங்கள். ஸ்பேட் கிங், 8, 6, 5, 3. ஹார்ட் 9, 4. டயமண்ட் ஏஸ், 7, 3. கிளப் ஜாக், 6, 2. நேர் அடுத்த இடத்தில் இதைப் பாஸ் சொல்லலாம், ஸ்பேடின் தொகை 6தான். இங்கே 1 ஸ்பேட் கேளுங்கள். ஓப்பனரிடம் 14, பதில் சொல்லாதவரிடம் 4 என்று வைத்தால் உங்கள் 8 போக பார்ட்னரிடம் 14 இருக்கிறது. ஹார்ட் நீளமாக இருந்ததால் அவர் பேச முடியாமல் இருந்திருப்பார். பார்ட்னரிடமிருந்து ஒரு கிங்கைக் கடன் வாங்கி உங்கள் கையோடு கூட்டிப் பேசுவது இந்த இடத்தின் வழக்கம். பதிலுக்குப் பார்ட்னர் தன் கையில் ஒரு கிங்கைக் குறைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அவர் குறைக்க மறந்தால் 3 ஸ்பேடில் ஒன்று குறையும். மறுமுறை நீங்கள் கேட்கவே தயங்குவீர்கள். இந்த உடன்பாடு இரண்டு பக்கமும் காக்கப்பட வேண்டும்.

எதிரணி ஒரே சூட்டில் ஒத்துப்போய் 2ஆம் மட்டத்தில் நின்றுவிட்டால் பாஸுக்கு அநேகமாக நியாயமே இல்லை: 1 ஹார்ட், பாஸ், 2 ஹார்ட், பாஸ், பாஸ். அவர்களிடம் ஹார்ட் எட்டு என்று வைப்போம். நம் இருவரின் 26 சீட்டில் ஹார்ட் ஐந்து. மற்ற மூன்று சூட்டில் 21. ஏழு, ஏழு, ஏழு என்று பிரிந்தால் மட்டுமே நமக்கு எட்டுச் சீட்டு சூட் இல்லாமல் போகும். அவர்களிடம் ஒன்பது என்றால் நமக்கு 22. எட்டு இருந்தே தீரும். பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1969இல் எழுதிய விதிப்படி, இரு தரப்பின் மிக நீளமான சூட்டுகளில் உள்ள சீட்டுகளைக் கூட்டினால் இரு தரப்பும் தத்தம் துரும்பில் எடுக்கக்கூடிய மொத்த ட்ரிக் ஏறத்தாழ வரும். எட்டும் எட்டும் 16. நமது சூட் ஸ்பேட் என்று வைத்துப் பாருங்கள். அவர்களுக்கு எட்டு என்றால் நமக்கும் எட்டு: பாஸ் சொன்னால் 110 கொடுக்கிறோம், 2 ஸ்பேட் கேட்டால் 110 எடுக்கிறோம். அவர்களுக்கு ஒன்பது, நமக்கு ஏழு: பாஸ் 140 கொடுக்கிறது, 2 ஸ்பேட் 50 அல்லது 100 கொடுக்கிறது. அவர்களுக்கு ஏழு, நமக்கு ஒன்பது: பாஸுக்கு 50 அல்லது 100, 2 ஸ்பேடுக்கு 140. மூன்றிலும் கேட்டவரே முன்னால். அவர்கள் 3 ஹார்ட்டுக்கு ஏறினால் பல சமயம் ஒரு ட்ரிக் குறையும்; அதுவும் நமக்கு லாபம். விதி ஏறத்தாழத்தான்; ஹார்ட்டில் குயின்-ஜாக் போன்ற சீட்டுகளை நீங்களே வைத்திருந்தால் மொத்தம் குறைந்துவிடும். எதிரணி ஒத்துப்போகாமல் தடுமாறி நின்றிருந்தால், உதாரணமாக 1 ஹார்ட், 1 ஸ்பேட், 1 நோ ட்ரம்ப் என்று போய் நின்றால், இந்தக் கணக்கை எடுக்காதீர்கள். அவர்களுக்குப் பொருந்தாத கையில் நமக்கும் பொருந்தாமல் இருக்க வாய்ப்புண்டு.

எதிரணியின் சூட்டில் உங்களிடம் எத்தனை என்பதும் இதோடு சேர்ந்ததே. உங்களிடம் ஒன்றோ இரண்டோ என்றால் பார்ட்னரிடம் நீளமாக இருக்கலாம், அவரால் பேச முடியாது. பேச வேண்டியவர் நீங்கள். உங்களிடம் நான்கு என்றால் பாஸ் சொல்லிப் பார்ட்னருக்கு விடுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு

ஓவர்கோலும் பாஸும் மட்டுமே வழியல்ல. 1 டயமண்டுக்குப் பிறகு ஸ்பேட் கிங், ஜாக், 7, 4, ஹார்ட் ஏஸ், குயின், 8, 5, டயமண்ட் 6, கிளப் கிங், 9, 6, 2 என்றால் டேக்-அவுட் டபிள், அதாவது மற்ற சூட்டுகளில் ஒன்றைச் சொல்லும்படி பார்ட்னரைக் கேட்கும் டபிள். குழப்பம் வருவது ஐந்து ஸ்பேடுடன். ஸ்பேட் ஏஸ், குயின், 10, 6, 3. ஹார்ட் கிங், 9, 4. டயமண்ட் 8, 5. கிளப் கிங், ஜாக், 4. டபிள் சொன்னால் மூன்று ஸ்பேட், நான்கு கிளப் வைத்திருக்கும் பார்ட்னர் 2 கிளப் சொல்வார். ஐந்தாவது ஸ்பேட் அவருக்குத் தெரியவே வராது. 1 ஸ்பேட் கேளுங்கள். அதே வடிவில் 18, 19 புள்ளி என்றால் முதலில் டபிள், அடுத்த முறை ஸ்பேட். சமச்சீரான 15 முதல் 18 வரை, எதிரணி சூட்டில் உறுதியான தடுப்புடன் என்றால் 1 நோ ட்ரம்ப்; கடைசி இடத்தில் அதுவே 11 முதல் 14.

எதை முடிவு செய்தாலும் சீரான வேகத்தில் செய்யுங்கள். அரை நிமிடம் சீட்டைப் பார்த்துவிட்டுப் பாஸ் சொன்னால் "என்னிடம் ஏதோ இருக்கிறது" என்று பார்ட்னருக்கு அறிவித்தது போலாகும். பிரிட்ஜ் சட்டத்தின் 16ஆம் விதிப்படி அவர் அந்தச் செய்தியைப் பாவிக்கக்கூடாது. கடைசி இடத்தில் அவர் எல்லைக்கோட்டுக் கையுடன் கேட்டால் எதிரணி போட்டி நடத்தும் டைரக்டரைக் கூப்பிடலாம். மேசையில் மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது என்றாலும் ஏலமும் ஆட்டமும் முடியும்வரை பார்ட்னருடன் ஒரு சொல்கூடத் தமிழில் கதைக்கக்கூடாது. வலப்பக்கத்தவர் கேட்பதற்கு முன்பே, "1 டயமண்ட் வந்தால் இது, 1 ஸ்பேட் வந்தால் அது" என்று மனதில் தீர்த்து வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டியதில்லை.

மேசைக்குப் போகுமுன் பார்ட்னரோடு பேசித் தீர்க்க வேண்டியவையும் உண்டு. 8 புள்ளியில் நீங்கள் கேட்பீர்கள் என்று அவருக்குத் தெரியாவிட்டால் 11 புள்ளியுடன் கேமுக்குத் தாவிவிடுவார். மூன்று துரும்பும் 6 முதல் 9 புள்ளியும் என்றால் ஒரு மட்டம் உயர்த்துவது. நான்கு துரும்புடன் பலவீனமான கை என்றால் ஒரு மட்டம் தாண்டி உயர்த்துவது. மூன்று துரும்புக்குக் குறையாமல் 10க்கு மேல் என்றால் எதிரணியின் சூட்டையே கேட்பது. 1 நோ ட்ரம்ப் பதிலுக்கு, ஓப்பனருக்குச் சொல்வதைவிடக் கூடுதலாக, 9 முதல் 11 வரை வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்னர் புதிய சூட் ஒன்றைச் சொன்னால் ஓவர்கோல் கேட்டவர் கட்டாயம் பதில் பேச வேண்டுமா, பாஸ் சொல்லலாமா என்பதில் சோடிக்குச் சோடி வழக்கம் வேறு. எதுவானாலும் முதல் போர்டுக்கு முன்பே எழுதி வையுங்கள்.